இடமிருந்து நான்காவது ஆள்

கவர் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, என் மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில். என் கொழுந்தன், என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவன், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான். பேப்பர் ஆபீசில் வேலை பார்க்கிறாளாம்.

"பேரு என்னடா?"

வீட்டில் வைத்த பேரைச் சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனா ஆபீஸ்ல எல்லாரும் கவர்னுதான் கூப்பிடுவாங்க" என்றான்.

"கவரா? தபால்ல வந்த பொண்ணாடா?" என்றார் மாமியார். "ஸ்டாம்பு ஒட்டியிருக்கா, இல்ல நாமதான் காசு கட்டி எடுக்கணுமா?"

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் வேறு. கொழுந்தனுக்குக் கோபம். "அண்ணி, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மூன்று மாதத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே மாமியாருக்குச் செல்லம். அந்தப் பேர் மட்டும் மாறவில்லை. நாங்களும் கவர் என்றே கூப்பிட்டோம். அவள் என்னை அக்கா என்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு சாயங்காலப் பேப்பரில். நகரத்துச் செய்தி மட்டும் போடும் பேப்பர். உலகத்தில் எங்கே யுத்தம் நடந்தாலும் அதற்கு உள்ளே ஒரு மூலைதான். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பாலத்தில் லாரி கவிழ்ந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் மதில் இடிந்தது என்பதெல்லாம் முதல் பக்கம். அதே கட்டடத்தில் மேல் மாடியில் லோக்கல் சேனல். அதற்கும் மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு ரேடியோ ஸ்டேஷன். மூன்றுக்கும் ஒரே முதலாளி. கீழே அச்சான படம் அரை மணியில் டிவியில் வரும். இன்னும் அரை மணி போனால் ரேடியோக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து, "நெற்றி ஏறிய, கனத்த மீசை வைத்த" என்று வர்ணிப்பார். நகரம் முழுக்க ஒரே முகத்தை மூன்று தடவை பார்த்துவிடும்.

அந்த முகங்களெல்லாம் இருந்தது கவர் கையில்தான். இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரி. அலமாரி முழுக்க பழுப்புக் கவர்கள். கவுன்சிலர், போலீஸ்காரர், டாக்டர், சங்கத் தலைவர், பரிசு வாங்கிய பிள்ளை, திருடன், எல்லாருக்கும் ஆளுக்கொரு கவர். படத்துக்குப் பின்பக்கம் பென்சிலால் யார் யார் என்று எழுதியிருக்கும். கூட்டமாக நிற்கிற படம் என்றால் இடமிருந்து வலம் என்று வரிசையாகப் பேர் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழைய படங்கள் அந்தக் கவர்களிலேயேதான் கிடந்தன. ஒருவன் செத்தாலோ ஜெயிலுக்குப் போனாலோ, கீழேயிருந்து செய்தி ஆசிரியர் போன் செய்வார். அவள் படத்தை எடுத்துக்கொண்டு படியிறங்குவாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே வைத்துக்கொண்டது. பின்பக்கம் எத்தனை பேர் எழுதியிருக்கிறது என்று எண்ணுவாள். திருப்பி, முன்பக்கம் எத்தனை தலை என்று எண்ணுவாள். இரண்டும் ஒத்துவந்தால்தான் கவரில் போடுவாள். ஒத்து வரவில்லை என்றால் படமெடுத்தவரைக் கூப்பிட்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

வீட்டிலும் அதே கதைதான். என் பெரிய மகளின் கல்யாணப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு கவர் உட்கார்ந்தாள். என் சின்ன மாமியார், அவர் தம்பி, அந்தத் தம்பியின் இரண்டாவது சம்சாரம், முதல் சம்சாரத்தின் பிள்ளைகள் என்று எல்லாரையும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். எனக்கு உறவுமுறை எல்லாம் விரல் நுனியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு படத்தின் பின்னால் நான் பார்த்தேன்: "இடமிருந்து மூன்றாவது: அக்கா. கண்ணை மூடியிருப்பவர்."

"ஏம்மா, அதையுமா எழுதணும்?"

"நாளைக்கு ஒருத்தர் பாத்து, இவங்க செத்துப்போனவங்களோன்னு நெனச்சிடக் கூடாதுல்ல அக்கா."

இப்படி இருபத்திரண்டு வருஷம். ஒரு படமும் தப்பாகப் போனதில்லை.

இருபத்திமூன்றாவது வருஷம் என் மாமியார் படுக்கையில் விழுந்தார். எனக்கு அப்போதுதான் இடுப்பில் ஆபரேஷன் நடந்திருந்தது. அவரைத் தூக்கித் திருப்ப என்னால் முடியவில்லை. நான்தான் கவரிடம், "பத்து நாள் லீவு போடேன்" என்று கேட்டேன். போட்டாள். அந்தப் பத்து நாளும் அவள் இடத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவரை உட்கார வைத்தார்கள். மாமியார் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார். கவர் வேலைக்குத் திரும்பியபோது மேஜை சுத்தமாக இருந்தது. வந்த படங்களையெல்லாம் அந்த மனிதர் கவரில் போட்டு, ஒட்டி, அலமாரியில் அடுக்கியிருந்தார். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சாவு வீட்டிலிருந்து போனவளுக்கு அந்த நினைப்பு வரவில்லை.

அடுத்த வருஷம் பால் பவுடர் விஷயம் வெடித்தது. நகரத்தில் ஐந்து குழந்தைகள் செத்துப்போயின. எல்லாம் கைக்குழந்தைகள். ஒரே மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து போன பால் பவுடர். காலாவதியான சரக்கில் எதையோ கலந்து புது டப்பாவில் அடைத்திருக்கிறான். ஒரு நாள் மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போலீஸ் அவனைப் பிடித்தது. இரண்டு மணிக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

செய்தி ஆசிரியர் போன் செய்யவில்லை. படிக்கட்டில் நின்றே கத்தினார். "கவரு, அந்தப் பால் பவுடர்காரன் மூஞ்சி இருக்கா? பத்து நிமிஷம்தான்!"

இருந்தது. வியாபாரிகள் சங்கக் கவரில் ஒரே ஒரு படம். ஏதோ தெருவில் குடிதண்ணீர்க் குழாய் வைத்துக் கொடுத்துவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் பேர் எழுதியிருந்தது. அவன் பேர் நான்காவது. திருப்பினாள். இடமிருந்து நான்கு எண்ணினாள். அந்த முகத்தைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டுக் கொடுத்தாள்.

எத்தனை பேர், எத்தனை தலை என்று எண்ணவில்லை. அவள் அறையில் இருக்கிற படமெல்லாம் ஏற்கெனவே எண்ணிய படம் என்பது அவள் எண்ணம். அந்த ஒன்று, அவள் எங்கள் வீட்டில் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த வாரத்தில் உள்ளே போன படம்.

பின்னால் பதினோரு பேர். முன்னால் பத்துத் தலை. படமெடுத்தவர் முதலில் பதினோரு பேரையும் நிறுத்திப் பேர் எழுதியிருக்கிறார். படம் எடுப்பதற்குள் இரண்டாவதாக நின்றவர், வழியை மறித்து நின்ற தன் வண்டியைத் தள்ளி வைக்கப் போய்விட்டார். மற்றவர்கள் ஒட்டி நின்றுகொண்டார்கள். பேர் அப்படியே இருந்தது, ஆள் ஒரு இடம் நகர்ந்துவிட்டது. நான்காவதாக இருக்க வேண்டிய பால் பவுடர்காரன் மூன்றாவதாக நின்றான். நான்காவதாக நின்றவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர்.

கண்ணாடிக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். எனக்கும் அவர் கடைக் கண்ணாடிதான். நல்ல மனுஷர். கண்ணைப் பரிசோதிக்கும்போது, "எழுத்து தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, நான் என்ன உங்க பள்ளிக்கூட வாத்தியாரா?" என்பார். நான் நாலாவது வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்துப் பலகையைத் திருப்பிவிட்டு, பூ, மரம், வீடு போட்ட பலகையைக் காட்டுவார். குழந்தைகளுக்கு வைத்திருப்பது. நான் சொல்லாமலே அவராகக் காட்டினார்.

அன்றைக்கு அவர் முதல் பக்கத்தில் இருந்தார். அரைப் பக்கத்துக்கு முகம். மேலே ஐந்து குழந்தைகளைக் கொன்றவன் என்று எழுத்து. ஐந்து மணிக்கு எதிர்க் கடை டிவி முன்னால் கூட்டம் நின்றிருக்கிறது. என்ன என்று எட்டிப் பார்க்கப் போனவர் தன் முகத்தையே பார்த்தார். கூட்டமும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் ஓடி வந்து ஷட்டரை உள்பக்கமாக இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பேப்பர் ஆபீசுக்கு வந்தார். கவரைக் கீழே கூப்பிட்டார்கள். அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். ஆசிரியர் மேஜையில் வைத்து அப்போதுதான் எண்ணினாள். பதினொன்று. பத்து. திரும்ப எண்ணினாள். அவள் விரல் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் போனதைக் கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அன்றைக்குப் பேப்பரில் சரியான ஆளின் படம் முதல் பக்கத்தில் வந்தது. ஏழாம் பக்கத்தில், பஸ் நேரம் போடுகிற இடத்துக்குக் கீழே, திருத்தம் என்று மூன்று வரி. நேற்றைய செய்தியோடு வெளியான படம் பால் பவுடர் வியாபாரியுடையது அல்ல, வருந்துகிறோம், அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் மறுபடி வந்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன் சார்?"

"அதான் அது அவன் படம் இல்லைன்னு போட்டாச்சே."

"அவன் பேருதான் இருக்கு. என் பேரு இல்ல, என் முகம் இல்ல. முகத்தைப் பாத்தவங்க எல்லாம் ஏழாம் பக்கத்துல பஸ்ஸுக்கு அடியில படிப்பாங்களா? என் முகத்தைத் திரும்பவும் மொதப் பக்கத்துல போடுங்க. அதே அளவுல போடுங்க. இவரு இல்லைன்னு எழுதுங்க."

"திரும்பப் போட்டா நேத்துப் பாக்காதவனும் பாப்பான்யா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு வாரத்துல ஜனங்க மறந்துடுவாங்க."

ஆசிரியர் கெட்டவர் இல்லை. பேப்பரின் வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

ஜனங்கள் மறக்கவில்லை. முதல் நாள் ஒரு முகம், மறுநாள் இன்னொரு முகம் வந்ததா, இரண்டு பேர் சேர்ந்து செய்த காரியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவன் உள்ளே இருக்கிறான், இன்னொருவன் காசைக் கொடுத்து வெளியே வந்துவிட்டான் என்று பேச்சு. கடைக்கு ஆள் வரவில்லை. செய்யக் கொடுத்திருந்த கண்ணாடியை வாங்கக்கூட வரவில்லை. தெருவில் அவர் நடந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். கல்லூரியில் படித்த அவருடைய மகள் ரேடியோவில் அப்பாவை வர்ணித்ததைப் பஸ்ஸில் கேட்டுவிட்டு, பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். செத்த குழந்தைகளில் ஒன்றின் தகப்பன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தினமும் கடைக்கு எதிரே வந்து நிற்க ஆரம்பித்தான். எதுவும் பேச மாட்டான். ஒரு மணி நேரம் நிற்பான், போவான்.

கவர் சாப்பிடவில்லை. நான் ஒரு நாள் கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்தன் குறுக்கே விழுந்தான்.

"அவர்கிட்டப் போயி நான்தான் எண்ணலைன்னு உளறி வைக்காத. ஆபீஸ் தப்பு, ஆபீஸ் பாத்துக்கும். நீ வாயை மூடிட்டு இரு."

"ஆபீஸா எண்ணுது? நான்தானே எண்ணுறேன்."

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள். கடை ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்ததாம். குனிந்து உள்ளே போயிருக்கிறாள். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"நீங்க எண்ணலையா?"

"எண்ணலைங்க."

"எப்பவும் எண்ணுவீங்களா?"

"எப்பவும் எண்ணுவேங்க."

அவர் துடைத்த கண்ணாடியை வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றாராம். திட்டியிருந்தால் தேவலை என்று என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் முகத்தை எப்படியாவது நேராக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. ஆசிரியரிடம் போனாள், முதலாளியின் மருமகனிடம் போனாள், மேலே சேனல்காரரிடம் போனாள். எல்லாரும், "பழைய செய்தியை எதுக்கு நோண்டுற?" என்றார்கள். பிறகுதான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. பேப்பர் ஆபீசில் இருப்பவளுக்கு மட்டும்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

சனிக்கிழமை பேப்பரில் ஐந்தாம் பக்கம் வாழ்த்துப் பக்கம். பிறந்தநாள், கல்யாண நாள் என்று ஜனங்கள் பணம் கட்டிப் படம் போடுவார்கள். அதற்கு ஆசிரியரின் சம்மதம் வேண்டாம். கீழே விளம்பரக் கவுண்டரில் கொடுத்தால் போதும். கண்ணாடிக்காரருக்கு இரண்டு வாரத்தில் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள்.

"முகம் இருக்கும், அடியில உங்க சொந்தப் பேரு இருக்கும், கடை பேரு இருக்கும்" என்று அவரிடம் சொன்னாள். "பாக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடும், அந்த முகத்துக்கு இதுதான் பேருன்னு."

"எந்தப் படம் போடுறது?"

"அதே படம்தாங்க. வேற படம் போட்டா இது வேற ஆளுன்னு நெனச்சிடுவாங்க. எந்த முகத்தைத் தப்பாப் பாத்தாங்களோ, அதையேதான் சரியாப் பாக்கணும்."

அவர் மனைவிக்கு இஷ்டமில்லை. "எதுக்கு வம்பு, கொஞ்ச நாள் ஊருக்குப் போயிடலாம்" என்றார். கண்ணாடிக்காரர்தான், "நான் என்ன பண்ணினேன் ஓடுறதுக்கு?" என்று சம்மதித்தார்.

வாசகத்தைக் கவர் எழுதிக் கொடுத்தாள். பேர், கடை, பிறந்தநாள் வாழ்த்து. அடியில் ஒரு வரி: பால் பவுடர் வழக்குக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கவுண்டர் பெண் மாடிக்கு வந்தாள்.

"கவரக்கா, வாழ்த்துப் பக்கத்துல கேசு, வழக்கெல்லாம் போடக் கூடாதாம். ரூல். அந்த ஒரு வரியை அடிச்சிட்டேன். மீதியைப் போடவா, வேணாமா? இப்பச் சொல்லுங்க, பக்கம் போகுது."

கவர் யோசித்திருக்கிறாள். அந்த யோசனை எவ்வளவு நேரம் இருந்தது என்று பிறகு எத்தனையோ தடவை என்னிடம் கணக்குச் சொல்லியிருக்கிறாள். அலமாரிக் கதவை மூடிப் பூட்டுகிற நேரம்தான், அதற்கு மேல் இல்லை.

"போடும்மா. முகமும் பேரும் இருக்கே. அது போதும்."

இருபத்திநாலு வருஷம் படத்தைத் திருப்பிப் பேரைப் பார்த்துப் பழகியவள். உலகத்தில் எல்லாரும் முகத்தைப் பார்த்த கையோடு பேரையும் பார்ப்பார்கள் என்று நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வந்தது. விஷயம் முழுக்கத் தெரிந்தவள் நான். அந்தப் படம் வரப்போவதும் தெரியும். ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தேன். பூ வரைந்த கட்டத்துக்குள் அந்த முகம் சிரித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கணம் என் நெஞ்சில் வந்தது, அட பாவி, குழந்தைகளைக் கொன்றுவிட்டுப் பிறந்தநாள் கொண்டாடுகிறானா என்றுதான். அடுத்த கணம்தான் என் கண் பேருக்குப் போனது. எனக்கே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

நான் கவருக்குப் போன் போட்டேன். "கவரு, அவரைக் கடையை மூடச் சொல்லு. இப்பவே சொல்லு."

"ஏன் அக்கா, நல்லா வந்திருக்கே. பேரு பெரிசாத்தான் போட்டிருக்காங்க."

"பேரை யாரும்மா படிக்கிறா?"

 போனை வைக்காமலே அவள் படியிறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது.

அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படத்துக்கு அடியில் கடையின் பேரும் தெருவும் இருந்தனவே, யாரும் விசாரித்துக்கொண்டு வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாற்பது, ஐம்பது பேர் வந்திருக்கிறார்கள். கண்ணாடி அலமாரிகளை உடைத்தார்கள். அவர் வெளியே வந்து, பேப்பரை விரித்துக் காட்டி, "படிங்க, என் பேரைப் படிங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த இளவயசுத் தகப்பன் கையில் ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பி இருந்தது. ஒரே அடிதான். அடித்துவிட்டு அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டான், ஓடவில்லை. போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றும்போது, யாரை அடித்தோம் என்று கூட்டத்தில் ஒருவர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அவன் போட்ட சத்தத்தைத் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகாதவன்.

கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். கண் திறக்கவே இல்லை. கவர் தினமும் போய் வராந்தாவில் நின்றாள். உள்ளே போகவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணி. செய்தி ஆசிரியர் தானே படியேறி மாடிக்கு வந்தார். கத்தவில்லை.

"கவரு, அவர் படம் வேணும். மொதப் பக்கம். அரைப் பக்கத்துக்கு."

அவள் அலமாரியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தாள். பின்பக்கம் இரண்டாவது பேரை அடித்துத் திருத்தி வைத்திருந்தாள். ஆசிரியர் நிற்கும்போதே பேரை எண்ணினாள், பத்து. திருப்பித் தலையை எண்ணினாள், பத்து. நான்காவது முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டாள்.

"சரியா இருக்குல்ல?" என்று கேட்டாராம் அவர்.

"இப்பச் சரியா இருக்கு சார்."

கண்ணாடிக்காரர் உயிரோடு இருந்தபோது கேட்ட அதே பக்கத்தில், கேட்ட அதே அளவில், அவருடைய முகமும் சொந்தப் பேரும் வந்தன. குற்றமற்றவர் என்று பெரிய எழுத்து. மேலே டிவியில் சாயங்காலம் முழுக்கக் காட்டினார்கள். ரேடியோக்காரர் இந்தத் தடவை மீசையை வர்ணிக்கவில்லை. பேரை மட்டும் மூன்று தடவை நிதானமாகச் சொன்னார்.

அன்றைக்கே கவர் அலமாரிச் சாவியை ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். போகச் சொன்னது யாரும் இல்லை. திரும்பி வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். படமெடுத்தவர்கூட வீடு தேடி வந்து, "நான்தானே பேரை எழுதினேன், தப்பு என்னுதும்தானே" என்று அழுதார். "நீங்க எழுதுறதைச் சரி பாக்கத்தானே நான் இருந்தேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து நானும் அவளும் கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே அவர் மனைவி நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. கவர்தான் பேசினாள். என்ன பேசினாளோ, பாதி வார்த்தை வெளியே வரவில்லை. அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க வந்து சொன்னதை அவர் என்கிட்டச் சொன்னாரு. இத்தனை பேர்ல ஒருத்திதான் நேர்ல வந்து ஒத்துக்கிட்டான்னு சொன்னாரு. அவருக்கு உங்க மேல கோபம் இல்ல." கதவைப் பிடித்தார். "எனக்கு இருக்கு. போயிட்டு வாங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.   திரும்பி வரும் வழியெல்லாம், பத்து நாள் லீவு போடச் சொன்னது நான்தானே என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் ஒரு நாள் சொன்னேன். "அக்கா, அத்தையைத் திருப்பிப் போட ஆள் வேண்டாமா? அது வேற, இது வேற" என்றாள். எனக்காகச் சொன்னாளா, நினைத்துத்தான் சொன்னாளா என்று இதுவரை எனக்குத் தெரியாது.

பால் பவுடர்காரனுக்கு வழக்கு இழுத்துக்கொண்டு போய், ஆறு வருஷம் கொடுத்தார்கள். அந்த இளவயசுத் தகப்பனுக்குப் பத்து. கடையை விற்றுவிட்டுக் கண்ணாடிக்காரர் மனைவியும் மகளும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லவில்லை. பேப்பர் இப்போது அச்சில் இல்லை, போனில் மட்டும் வருகிறதாம். கவர்களையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. கொழுந்தன் நாலு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் படத்துக்குப் பின்னாலும் அவள் பேரெழுதித்தான் மாட்டினாள்.

கவருக்கு இப்போது அறுபத்தொரு வயது. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். காலையில் எனக்கு மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கிறாள். சீட்டைப் பார்த்து ஒரு தடவை, என் உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை, இரண்டு தடவை எண்ணுகிறாள்.